எட்டு ஆகாதென்று வாங்கிய இரண்டு ஐந்து

பல்லி விழுந்த பலன்

எங்கள் ஆபீசில் ஹப் செத்துப்போன அன்றுதான் டெண்டருக்குக் கடைசி நாள். பிற்பகல் மூன்று மணிக்குள் கம்ப்யூட்டர் வழியாக அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் ஆவடி ஃபேக்டரியின் ஆர்டர் கிடையாது. ஆர்டர் இல்லாவிட்டால் எனக்கு வேலை கிடையாது.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. முந்தின வாரமே முதலாளி என்னைக் கூப்பிட்டு, டீயைக் குடித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

"ஆயா, போன வருசமே ஆவடி ஆர்டர் கைய வுட்டுப் பூட்ச்சு. இந்த தபாவும் பூட்ச்சின்னா மாடி ஆபீஸ மூடிட்டு, கீழ மெஷின மட்டும் ஓட்டிக்கினு கெடக்க வேண்டியதுதான். மொதல்ல உன்னத்தான் நிறுத்துற மாதிரி வரும். கோச்சிக்காத, இன்னா?"

"சரிங்க சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ரப்பர் வாஷர் கம்பெனியில் பெருக்கித் துடைத்து, குடிதண்ணீர் பிடித்து வைத்து, டீ போடுகிறவள். வீடு கோவில்பதாகை. ஐந்தாவது வரை படிப்பு. அதிகம் பேச மாட்டேன். பேச வேண்டிய இடத்திலும் பேச மாட்டேன் என்பது வீட்டில் என் மேல் இருக்கும் புகார். கம்ப்யூட்டர் சாமான் வாங்குவதைப் பற்றி எழுத உனக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். எங்கள் ஆபீஸ் பெட்டியைத் தேர்ந்தெடுத்ததே நான்தான். அது எப்படி என்று சொன்னால், சின்ன ஆபீஸ் நடத்துகிறவர்களும், வீட்டில் இரண்டு மூன்று கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களும், நாங்கள் செய்த எதையும் செய்யாமல் இருக்கலாம்.

ஹப் என்பது சாப்பாட்டு டப்பாவை விடச் சின்னதாக ஒரு பெட்டி. முன்னால் வரிசையாக ஓட்டைகள். ஆபீசில் அதற்குப் போர்ட் என்று பெயர். நெட் வந்து இறங்கும் மோடம் கீழே, வாஷர் அடிக்கும் பிரஸ் ஓடும் ஹாலில் சுவரில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு ஒயர் மாடி ஏறி, முதலாளி அறையில் அலமாரி மேல் இருக்கும் இந்தப் பெட்டிக்கு வரும். பெட்டியிலிருந்து பிரிந்து முதலாளியின் கம்ப்யூட்டருக்கும், வெளி அறையில் பிலோமினாவின் கம்ப்யூட்டருக்கும், பிரிண்டருக்கும், கைரேகை வைக்கிற மெஷினுக்கும், கேமரா பெட்டிக்கும் போகும். பெட்டி செத்தால் இந்த ஐந்தும் செத்த மாதிரி.

பிலோமினா எங்கள் கணக்குப் பெண். காட்டுப்பாக்கத்திலிருந்து வருகிறாள். வந்ததும் சிலுவை போட்டுக்கொண்டுதான் கம்ப்யூட்டரைத் திறப்பாள். அன்றும் அப்படித்தான் திறந்தாள்.

"சார், நெட் இல்ல. ஏதோ தீயற வாசன வருது."

முதலாளியின் அறையில் போய்ப் பார்த்தால், ஹப்பில் ஒரு விளக்கும் எரியவில்லை. ஒயர் மாட்டாத ஓட்டை ஒன்றிலிருந்து ஒரு வால் தொங்கிக்கொண்டிருந்தது. பல்லி உள்ளே போய்க் கருகிவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் உடனே கடைக்கு ஓடியிருப்பார்கள். எங்கள் முதலாளி தினசரி காலண்டரைச் சுவரிலிருந்து எடுத்துத் திருப்பினார். பின்பக்க அட்டையில் பல்லி விழும் பலன் அச்சாகியிருக்கும். தலை, தோள், முழங்கை, தொடை என்று விரலை ஓட்டிக்கொண்டே வந்தார்.

"இதுக்குப் போடலியே" என்றார்.

"எதுக்கு சார்?"

"ஹப்புல வியுந்தா இன்னா பலன்னு போடல. பிலோமினா, அது எந்தப் பக்கம் தல வச்சிகினு செத்துக்குது?"

"பிரிண்டர் பக்கம் சார்."

"அது தெக்கா?"

"தெக்கோ வடக்கோ, டெண்டர் மூணு மணிக்கு சார்."

அவள் செல்போன் நெட்டைப் போட்டுப் பார்த்தாள். எங்கள் தகரக் கூரைக்கடியில் சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது. வெளியே பிரவுசிங் சென்டருக்கும் போக முடியாது. டெண்டரில் கையெழுத்துப் போட ஒரு குட்டி பென்டிரைவ் மாதிரி ஒன்று இருக்கிறது. அது இவள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் வேலை செய்யும்.

"சார், ஒண்ணு பண்ணலாம். என் கம்ப்யூட்டரத் தூக்கிட்டு கீழ போயி, மோடத்துலயே நேரா மாட்டிக்கிறேன். அரை மணி நேரத்துல அனுப்பிடலாம்."

இதுதான் சரியான யோசனை என்று இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு முதலாளி தலையை ஆட்டினார்.

"டெண்டர்ன்றது மேல ஏறணும்மா. கீழ எறக்கக் கூடாது."

பிறகு என்னைப் பார்த்தார். "ஆயா, துடப்பத்த வையி. கெளம்பு."

கை வைத்துப் பார்த்தேன்

என்னைக் கூட்டிப்போனதற்குக் காரணம் உண்டு. ஆபீசுக்கு நான் வாங்கி வந்த கெட்டில், சுவர்க் கடிகாரம், துடைப்பம் எதுவும் கெட்டதில்லை. முதலாளி வாங்கி வந்த எல்லாமே கெட்டிருக்கிறது. அதனால் எனக்குக் கைராசி உண்டு என்று அவருக்கு நம்பிக்கை. துடைப்பத்தில் கெட என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை.

அவர் ஸ்கூட்டரில் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டு, அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிற சேகர் கடைக்குப் போனேன். ஒரு ஆள் அகலக் கடை. கூரை வரைக்கும் ஒயர் சுருள் தொங்கும். சேகரும் முதலாளியும் பழக்கக்காரர்கள்.

"வா அண்ணாத்தே, இன்னா வோணும்?"

"ஒரு ஹப்பு குடு. வெல கொறச்சலா இருக்கணும். சாவக் கூடாது."

"ஹப்பா? அத இப்ப எவன் விக்கிறான்? எல்லாரும் ஹப்புன்னுதான் கேப்பாங்கோ, நாங்க ஸ்விட்ச்சதான் குடுப்போம்."

"ரெண்டுக்கும் இன்னாடா வித்தியாசம்?"

சேகர் அவரிடம் சொல்லாமல் என்னிடம் திரும்பினார். "ஆயா, உங்க தெருவுல ராணின்னு ஒருத்தருக்கு சிலிண்டர் வந்துகீது. வண்டிக்காரன் தெரு மொனைல நின்னுகினு, 'ராணி, சிலிண்டரு'ன்னு தெரு பூரா கத்துறான் பாரு, அது ஹப்பு. ஒருத்திக்கு வந்த சேதிய ஊரே கேக்கணும். அதே ஆளு நேரா போயி ராணி ஊட்டுக் கதவத் தட்டுனா, அது ஸ்விட்ச்சு."

எனக்குப் புரிந்தது. எங்கள் தெருவில் கதவைத் தட்டினாலும் தெரு பூராத் தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம்.

"சரி, நூறா ஆயிரமா?" என்றார் சேகர்.

"வெலயா?"

"ஸ்பீடு அண்ணாத்தே. உன் நெட் லைன் எவ்ளோ?"

"நாப்பதுன்னு சொன்னான்."

"அப்ப நூறே தாராளம். ஆபீசுக்குள்ளயே இந்த மெஷின்லேந்து அந்த மெஷினுக்கு பெர்சு பெர்சா ஃபைல் தள்றவங்களுக்குத்தான் ஆயிரம். நீ இன்னா தள்ற?"

"வாஷர் தள்றேன்."

"அப்ப நூறு. மேனேஜ்டுன்னு ஒண்ணு கீது. அத மேய்க்கறதுக்கு தனியா ஒரு ஆளு வோணும், உனக்கு வேணாம். பிளாஸ்டிக் பொட்டியும் கீது, இரும்புப் பொட்டியும் கீது. உங்க தகரக் கொட்டா சூட்டுக்கு இரும்பு வாங்கிக்க, அஞ்சோ பத்தோ கூட ஆவும். முக்கியமா, கூட வர்ற அடாப்டர மட்டும் போடு. பழசோட அடாப்டரு பாக்க ஒண்ணா இருக்கேன்னு சொருவிட்டு அப்பால பொகை வருதுன்னு எங்கிட்ட வராத. எத்தினி ஒயரு?"

முதலாளி விரல் விட்டு எண்ணினார். மெஷின் ஐந்து. மோடத்திலிருந்து மேலே வருகிற ஒயர் ஒன்று. ஆக ஆறு. நிறைய பேர் இந்த வருகிற ஒயரை எண்ண மறந்துவிடுவார்கள் என்று சேகர் சொன்னார். முதலாளி மறக்கவில்லை. அதோடு அவர் சரியாகச் செய்தது முடிந்தது.

"அப்ப எட்டு போர்ட்டு" என்று சேகர் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். "ஆறு போச்சின்னா ரெண்டு மிச்சம். நாளைக்கு எதுனா வாங்குனா மாட்டிக்கலாம்."

முதலாளி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "எட்டா? வேணாம்பா. சனி."

"அண்ணாத்தே, ஊரே எட்டுதான் வாங்கிகினு போவுது."

"ஊரு உருப்பட்டுச்சா? அஞ்சு இருந்தா குடு."

"ஆறு ஒயரு அஞ்சு ஓட்டைல எப்டி பூரும்?"

"அப்ப ஒம்போது குடு."

"ஒம்போது ஓட்டைல எவனும் பொட்டி செய்றதில்ல அண்ணாத்தே. மனுசன மட்டும்தான் அப்டி செஞ்சிகீறாரு ஆண்டவன்."

பதினாறு ஓட்டைப் பெட்டி கையிருப்பில் இல்லை. இருந்தாலும் அந்த விலைக்கு முதலாளி வாங்க மாட்டார். அவர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். திறந்தபோது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"ரெண்டு அஞ்சு குடு. அஞ்சும் அஞ்சும் பத்து. பத்தக் கூட்டுனா ஒண்ணு. ஒண்ணு சூரியன்!"

"குடுக்கலாம். ரெண்டு பொட்டியையும் சேக்கறதுக்கு நடுவுல ஒரு ஒயரு போடணும். அதுல ஒரு பக்கத்துக்கு ஒரு ஓட்ட போயிடும்."

"போவட்டும்."

நான் முந்தானைக்குள் விரலை மடக்கினேன். பத்தில் இரண்டு போனால் எட்டு. ஆறு ஒயர் மாட்டினால் மிச்சம் இரண்டு. ஒரு பெட்டியில் கிடைத்ததேதான் இரண்டு பெட்டியிலும் கிடைக்கிறது, விலைதான் கூட. வாயைத் திறக்கலாமா என்று சேகரைப் பார்த்தேன். அவர் என் விரலைப் பார்த்துவிட்டு, 'வேணாம் ஆயா' என்பது போல் லேசாகத் தலையை ஆட்டினார். அவருக்கு வியாபாரம், எனக்குக் கூச்சம். இரண்டு பேரும் சும்மா இருந்துவிட்டோம்.

ஐந்து ஓட்டை இரும்புப் பெட்டிகளை அட்டையோடு வரிசையாக வைத்தார் சேகர். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி. "நல்லதா ரெண்டு பொறுக்கு ஆயா" என்றார் முதலாளி. நான் ஒவ்வொன்றின் மேலும் கை வைத்துப் பார்த்தேன்.

"சூடா கீதா, சில்லுனு கீதா?"

"ரெண்டும் இல்லாம இருக்கு சார்."

"அட்டப் பொட்டி வேற எப்டி இருக்கும்?" என்றார் சேகர்.

நடுவில் இருந்த இரண்டை எடுத்துக் கொடுத்தேன். எடுக்க வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

கற்பூரமும் எலுமிச்சம்பழமும்

திரும்பி வந்தபோது பிலோமினா வாசலிலேயே நின்றிருந்தாள். "எதுக்கு சார் ரெண்டு?"

"ஒண்ணுக்கு ஒண்ணு தொணை."

புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள் அல்லவா? பெட்டிக்குச் சக்கரம் இல்லை. அதனால் முதலாளி இரண்டு பெட்டிக்கும் அடியில் ஆளுக்கொரு பழம் வைத்து, மேலே உள்ளங்கையால் அழுத்தினார். பழம் நசுங்கவில்லை, பெட்டிதான் சாய்ந்தது. சாய்ந்தபடியே இருக்கட்டும் என்று விட்டு, கற்பூரம் காட்டினார். கற்பூரத்தை ஒயர்க் கட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது பிலோமினா தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பின்னால் நின்றாள்.

"குடம் எதுக்கும்மா?"

"பூஜைக்குத்தான் சார்."

பிறகு அவளே ஏறி ஆறு ஒயரையும் மாட்டினாள். நடுவில் இணைப்பு ஒயரையும் போட்டாள். பச்சை விளக்குகள் ஒன்றொன்றாக எரிந்தன. அவள் போய் உட்கார்ந்து, "வந்துடுச்சு சார்" என்று வெளி அறையிலிருந்து குரல் கொடுத்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மணி பார்த்தேன். மூன்றுக்கு நிறைய நேரம் இருந்தது. எல்லோருக்கும் டீ போடப் போனேன்.

டீயோடு முதலாளி அறைக்குள் நுழைந்தேன். அவர் ஸ்டூல் மேல் ஏறி நின்று பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ஓட்டை காலியாக இருந்தது.

"இப்டி வாயத் தொறந்துகினு கெடந்துதான் அந்தப் பல்லி உள்ள பூந்துச்சு" என்றார். சொன்னது எனக்கா, பெட்டிக்கா தெரியவில்லை.

பெட்டியோடு இனாமாக வந்த ஒரு முழ ஒயர் அலமாரியில் கிடந்தது. அதை எடுத்தார். ஒரு முனையை இந்தப் பெட்டியின் காலி ஓட்டையில் சொருகினார். அடுத்த முனையை அந்தப் பெட்டியின் காலி ஓட்டையில் சொருகினார். இப்போது இரண்டு பெட்டியிலும் ஒரு ஓட்டைகூடக் காலி இல்லை.

அந்த நிமிஷம் பத்து விளக்கும் ஒன்றாக மின்ன ஆரம்பித்தன. சும்மா மின்னவில்லை. ஆடித் திருவிழாவில் அம்மன் கட்அவுட்டுக்குச் சீரியல் செட் போட்ட மாதிரி.

"பாரு ஆயா, பாரு! எப்டி வேல செய்து பாரு!" என்று முதலாளி ஸ்டூல் மேலேயே கை கொட்டினார்.

வெளி அறையிலிருந்து பிலோமினாவின் குரல் வந்தது. "சார், நெட் போயிடுச்சு!"

துடைக்கிற சாக்கில்

அடுத்த ஒரு மணி நேரம் எங்கள் ஆபீசில் நடந்ததை யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை.

பிலோமினா கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். கீழே ஓடிப்போய் மோடத்தை அணைத்துப் போட்டாள். நெட் கம்பெனிக்குப் போன் செய்தாள், பாட்டுத்தான் கேட்டது. சேகருக்குப் போன் செய்தாள்; எடுக்கவில்லை. கம்ப்யூட்டரைக் கீழேயே கொண்டுபோகிறேன் என்று திரும்பவும் கேட்டாள்; முதலாளி விடவில்லை. மூன்று மணி நெருங்க நெருங்க அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது. முதலாளி மட்டும் நிம்மதியாக இருந்தார்.

"பொட்டில ஒரு கொறையும் இல்ல. வெளக்க வந்து பாரும்மா, எப்டி எரியுது! உன் கம்ப்யூட்டர்லதான் எதோ கோளாறு."

"உங்க கம்ப்யூட்டர்லயும் நெட் இல்லியே சார்."

"அதுலயும் கோளாறு."

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் கண் தெரியும். அவர் அந்தக் குட்டி ஒயரைச் சொருகினார், நெட் போனது. எங்கள் வீட்டில் மிக்சியைப் போட்டதும் ஃபியூஸ் போனால், மிக்சியைத்தானே முதலில் பிடுங்குவோம்? அதைச் சொல்ல வேண்டும். சொன்னால், ஸ்டூல் மேல் ஏறி அவ்வளவு ஆசையாகச் செய்தவரிடம் "நீங்கதான் கெடுத்தீங்க" என்று சொன்ன மாதிரி ஆகும். டெண்டர் போகாவிட்டாலும் என் வேலை போகும். இதைச் சொன்னாலும் போகலாம்.

அதனால் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். ஈரத் துணியை எடுத்துக்கொண்டு அலமாரியைத் துடைக்கப் போனேன். இங்கே துடைத்தேன், அங்கே துடைத்தேன். துடைக்கிற சாக்கில் குட்டி ஒயரின் ஒரு முனையை அமுக்கி இழுத்துவிட்டேன்.

விளக்குகளின் ஆட்டம் நின்றது. அங்கொன்றும் இங்கொன்றுமாக மெதுவாக மின்னின.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று வெளி அறையில் பிலோமினா கத்தினாள்.

முதலாளி ஓடி வந்தார். அவர் பார்த்தது மங்கிப்போன விளக்கைத்தான். "ஐயய்யோ ஆயா, இன்னா பண்ண நீ? தொடைக்கிறேன்னு சொல்லிகினு ஒயர இசுத்துட்டியே!" ஸ்டூல் மேல் ஏறித் திரும்பவும் சொருகினார். சீரியல் செட் எரிந்தது. "அப்பாடா" என்றார்.

"போயிடுச்சு!" என்றாள் பிலோமினா.

நான் போய் ஜன்னலைத் துடைத்தேன். மேஜையைத் துடைத்தேன். அவர் நாற்காலியில் உட்காரும் வரை காத்திருந்து, திரும்பவும் அலமாரிக்கு வந்தேன்.

"வந்துடுச்சு!"

"ஆயா! திரும்பவுமா? உனக்கு இன்னிக்கி இன்னா ஆச்சு?"

"தூசி சார்."

அவர் சொருகினார்.

"போயிடுச்சு!"

மூன்றாம் தடவை நான் துணியோடு அலமாரிப் பக்கம் நகர்ந்தபோது, கதவருகில் பிலோமினா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள்.

"ஆயாம்மா, இப்ப என்ன பண்ணப் போனீங்க?"

"தொடைக்க..."

"அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ தொடைச்சீங்களே, அப்ப எதத் தொட்டீங்க? எனக்குக் காமிங்க."

முதலாளி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. துணியால் பாதி முகத்தை மூடிக்கொண்டு சொன்னேன்: "அந்தக் குட்டி ஒயரு. அத எடுத்தா உனக்கு வருது. சார் போட்டா போவுது."

முதலாளி கிட்டே வந்து அந்த ஒயரை முனைக்கு முனை பார்த்தார்.

"அது எங்கயும் போற ஒயரே இல்லியே!" என்றார் முதலாளி. "இங்க ஆரம்பிச்சு இங்கயே முடியுது. அது எப்டி கெடுக்கும்?"

அப்போதுதான் சேகர் திரும்பப் போன் செய்தார். பிலோமினா ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் முதலில் சிரிப்பு. பிறகு இருமல்.

"அண்ணாத்தே, ஏற்கெனவே ரெண்டு பொட்டிக்கும் நடுவுல ஒரு ஒயரு கீது. நீ ரெண்டாவதா ஒண்ணு போட்டுக்கிற. இந்தப் பொட்டி 'ராணி ஊடு எது'ன்னு ஒரு தபா கேக்கும். அந்தக் கேள்வி ஒரு ஒயர்ல போயி இன்னோரு ஒயர்ல திரும்ப அதுகிட்டயே வரும். யாரோ புச்சா கேக்குறாங்கோன்னு அது மறுக்கா கேக்கும். ரெண்டு பொட்டியும் 'ராணி, ராணி'ன்னு கத்திகினே கெடந்தா, உன் டெண்டர் எந்த வழில போவும்? புடுங்கு அத."

"புடுங்குனா ஓட்ட காலியாயிடும்டா. பல்லி பூரும்."

"சார், மூணு மணி ஆகப் போகுது!" என்று பிலோமினா அழுகிற குரலில் சொன்னாள்.

"சரி நைனா, இப்டி பண்ணு" என்றார் சேகர். "ஒயர்ல ஒரு மொனைய மட்டும் சொருவு. இன்னோரு மொனைய சும்மா தொங்க வுடு. அந்த இன்னோரு ஓட்டைக்கு வேற ஒரு ஒயரு, அதுக்கும் ஒரு மொனைதான். ஓட்ட அடைச்ச மாதிரியும் ஆச்சு, சுத்தாத மாதிரியும் ஆச்சு."

முதலாளி யோசித்தார். அவர் யோசித்த நேரம் எனக்கு ஒரு யுகம். "அப்ப சரி" என்று ஸ்டூலில் ஏறினார்.

"வந்துடுச்சு" என்றாள் பிலோமினா. இந்த முறை கத்தவில்லை, ஓடிப்போய் உட்கார்ந்தாள். முதலாளி அவள் பின்னால் நின்று, "ஏறுதா? ஏறுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பெட்டிகளுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். யாராவது எதையாவது சொருக வந்தால் தடுப்பதற்கு.

மூன்று அடிக்கச் சில நிமிஷம் இருக்கும்போது பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள். டெண்டர் போய்ச் சேர்ந்தது. முதலாளி தொங்கிக்கொண்டிருந்த இரண்டு ஒயர் முனையிலும் அந்த எலுமிச்சம்பழத்தையே ஆளுக்கொன்றாகக் கட்டிவிட்டார்.

நாங்கள் ரப்பர் கம்பெனி. கீழே மூட்டை மூட்டையாக ரப்பர் துண்டு கிடக்கிறது. ஓட்டையை அடைக்க ஒரு துண்டு ரப்பர் போதும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தம்ளர்

டெண்டர் அனுப்பினால் போதாது, ஆர்டர் வர வேண்டும். அதற்கு நாளாகும் என்றார்கள். நான் தினமும் முதலாளி முகத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தேன். நாள் போனது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. வந்திருந்தால் சொல்லியிருப்பார்களே, சொல்லவில்லை என்றால் வரவில்லை என்றுதானே அர்த்தம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் பார்க்கிறவர்கள் பரிதாபப்படுவார்கள். அதனால் என் சாமான்களை ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோனேன். முதலில் தம்ளர். மறுநாள் ஆபீசில் போட்டுக்கொள்ளும் செருப்பு. பிறகு அடுப்புக்கு மேல் ஒட்டியிருந்த கருமாரியம்மன் படம்.

அந்த நாட்களில் முதலாளி என்னிடம் ரொம்பப் பிரியமாக நடந்துகொண்டார். "ஆயா, நீ டீ குடிச்சியா? ஃபேனுக்கடில குந்து ஆயா" என்றார். வெட்டப் போகிற ஆட்டுக்குத்தான் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். மறுநாள் ஸ்டவ் துடைக்கிற என் பழைய புடவைத் துணியையும் மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பை ஜிப்பை இழுக்கும்போது முதலாளி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். பின்னால் பிலோமினா.

"ஆயா, உண்மைய சொல்லு. எந்தக் கம்பெனிக்காரன் கூப்ட்டான்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"தம்ளர் பூட்ச்சு, செருப்பு பூட்ச்சு, சாமிப் படமே பூட்ச்சு! நானும் பாத்துகினுதான் கீறேன். பக்கத்து ஷெட்டுக்காரன் எவ்ளோ தரேன்னான்? நானும் ஏத்தித் தரேன். இந்த நேரத்துல வுட்டுட்டுப் போவாத ஆயா."

இத்தனை நாள் அடக்கி வைத்தது எப்படி வெளியே வந்ததோ தெரியாது.

"நான் எங்க சார் போறேன்? ஆர்டர் வரலன்னா நிறுத்திடுவேன்னு நீங்கதான சொன்னீங்க? எப்ப சொல்வீங்க, எப்ப சொல்வீங்கன்னு தெனம் பயந்துகினு வரேன். அதான் நானே கொஞ்சம் கொஞ்சமா எடுத்துகினு போறேன்."

பிலோமினா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆயாம்மா, ஆர்டர் வந்து எத்தன நாள் ஆச்சு! கீழ எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்தமே, நீங்க சாப்பிடல?"

"என்னிக்கி?"

யோசித்துப் பார்த்தால், அன்றைக்கு நான் லீவு. வேலப்பன்சாவடியில் என் தங்கை பேத்திக்கு மஞ்சள் நீராட்டு. மறுநாள் நான் வந்தபோது ஸ்வீட் டப்பா காலியாகிக் குப்பைத் தொட்டியில் கிடந்தது. அதைக் கொண்டுபோய்க் கொட்டியதே நான்தான்.

"நீ சொல்லலியா?" என்றார் முதலாளி.

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன் சார்" என்றாள் பிலோமினா.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பையைத் திறந்து ஸ்டவ் துணியை எடுத்து ஆணியில் மாட்டினேன். சம்பளத்தை ஏற்றித் தருகிறேன் என்று சொன்னதை முதலாளி திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. பிலோமினா சாட்சியாக நின்றதால் இருக்கலாம்.

ஆகவே, பெட்டி வாங்கப் போகிற பிள்ளைகளே, முதலில் உங்களிடம் எத்தனை ஒயர் என்று எண்ணுங்கள். உள்ளே வருகிற ஒன்றையும் சேர்த்து எண்ணுங்கள். அதற்கு மேல் ஒன்றிரண்டு ஓட்டை மிச்சம் இருக்கிற ஒரே பெட்டியாக வாங்குங்கள். நம்பர் எட்டாக இருந்தால் இருக்கட்டும். கூட வந்த அடாப்டரை மட்டும் மாட்டுங்கள். ஒரு ஒயரின் இரண்டு முனையையும் பெட்டியிலேயே சொருகாதீர்கள். விளக்கு ஜோராக மின்னினால் வேலை ஜோராக நடக்கிறது என்று நம்பாதீர்கள்.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்று. உங்களைப் பற்றிய சேதி உங்களிடம் தானாக வந்து சேரும் என்று காத்திருக்காதீர்கள். எல்லோரும் அடுத்தவர் சொல்லியிருப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். போய்க் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், கூச்சத்தோடேயே கேளுங்கள்.